பெரட்டும் பொழுதும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலைநேர ஒழுங்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் நிகழ்ச்சி அழைப்பிதழ்களில் மாலை 6.00 மணி என்று அச்சிடப்பட்டிருந்தால், விழா 7.00 மணிக்குத்தான் தொடங்கும் என்று எண்ணிக்கொண்டு புறப்படுவோர் பலர். இதனை ‘நம்மவர் நேரம்’ என்று வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு. வேடிக்கையாகத் தொடங்கும் இப்பேச்சு, தமிழர்க்கு நேர ஒழுங்கு இயல்பாகவே குறைவு என்னும் முடிவில் போய் நிற்கக் காணலாம். அம்முடிவு வரலாற்றோடு பொருந்துவதாக இல்லை. இந்நாட்டிற்கு வந்த தமிழருள் மிகப் பெரும்பான்மையோர் மூன்று, நான்கு தலைமுறைகளாக விடியற்காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வேலைக்குச் சென்றவர்கள். மணிக்கணக்கான வேலை ஒழுங்கிற்கு இந்நாட்டில் முதன்முதலாக உட்பட்ட மக்களுள் அவர்களும் அடங்குவர்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு, வேலைதொடங்கும் நேரம் எவ்வாறு வகுக்கப்பட்டது, அதனை வகுக்கும் உரிமை யாரிடம் இருந்தது, நேரந்தவறாமை யாருக்குரிய கடமையாகக் கருதப்பட்டது ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மலாயாத் தோட்ட வரலாறு பெரும்பாலும் ரப்பரைச் சார்ந்தே எழுதப்பட்டுள்ளது. எனவே தேயிலையின் தனித்தன்மையை எடுத்துக்காட்டுவதற்கு ரப்பர்த் தோட்டங்களோடும் இலங்கை மலையகத்தோடும் ஒப்பிட்டு நோக்குவது இன்றியமையாததாகிறது.

தேயிலை மலையேறிய வரலாறு

1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் எல்லைப் பகுதியில் மேற்கொண்ட பயணத்தால் இம்மலை அவர் பெயரைப் பெற்றது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் வரையிலும் அது பெரும்பாலும் காடாகவே இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் தாப்பாவிலிருந்து மலைப்பாதை அமைக்கும் பணி தொடங்கிய பின்னரே பெருந்தோட்டத் தொழிலுக்கு அங்கு வழி பிறந்தது. 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழுத்த அனுபவம் பெற்றிருந்த ஏ.பி. மில்ன் என்பவரின் துணையோடு போ தோட்டத்தை நிறுவினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதற்கும் போ தோட்டம் தோன்றியதற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. அவ்வறுபது ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வேலைமுறை நன்கு வரையறுக்கப்பட்டுவிட்டது. எனவே கேமரன் மலைக்கு வந்து சேர்ந்தவை தேயிலைக் கன்றும் உழைப்பாளரும் மட்டுமல்ல. விடியலில் ஆள்கூட்டி, வேலை பகிர்ந்து, கொழுந்து நிறுத்து, பெயர் பதிந்து முடிக்கும் ஒரு நாள்முறையும் இலங்கை அனுபவத்தின் வழியாக வந்தது எனக் கருத இடமுண்டு.

பெரட்டு என்னும் நிறுவனம்

தோட்டத் தமிழில் வேலைநாளின் தொடக்கத்தைக் குறிக்கும் சொல் ‘பெரட்டு’ என்பதாகும். படையினரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகிய இது இலங்கை மலையகத்திலும் மலாயாவிலும் ஒருங்கே வழங்கியமை நோக்கத்தக்கது. உழைப்பாளர் ஓரிடத்தில் வரிசையாக நிற்பர். கங்காணியோ தண்டலோ ஆள்களைக் காட்டுவார். கிராணி செக்ரோலில் பெயரைப் பதிவார். அன்றைய வேலை பகிர்ந்தளிக்கப்படும். பெயர் பதிவான பின்னரே அந்த நாள் கூலிக்குரிய நாளாகும். வேலை உண்மையில் தொடங்குவது மலைச்சரிவில் எனினும், கணக்கில் அது தொடங்குவது பெரட்டுக் களத்தில்தான். பெரட்டுக்குப் பிந்தியவரைத் திருப்பியனுப்பும் வழக்கம் தோட்டத் தமிழரின் நினைவுகளில் அழுத்தமாகப் பதிந்திருப்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

பெரட்டுக்கு முன்னர் எழுப்பும் ஒலியும் இந்நிறுவனத்தின் ஓர் உறுப்பாகும். இலங்கையில் தப்படித்து எழுப்பும் வழக்கம் இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நெடுங்கவிதை அதிகாலைத் தப்பொலியோடுதான் தொடங்குகிறது. மலாயாத் தோட்டங்களில் மணியோசையும், தொங்கவிடப்பட்ட இரும்புத் துண்டைத் தட்டும் ஓசையும், ஆலைச் சங்கும் அப்பணியைச் செய்தன. லயத்துக் குடும்பங்கள் பலவற்றில் கடிகாரம் இல்லாத காலத்தில் நேரம் என்பது கண்ணால் பார்த்து அறிவதாக இல்லை. பிறர் ஒலித்துக் காதால் கேட்பதாகவே இருந்தது. மணி அடிப்பவர் முன்னதாக அடித்தாலும் பின்னதாக அடித்தாலும் அதனை மறுத்துரைக்கும் சான்று உழைப்பாளர் கையில் இல்லை.

கங்காணியின் நலனும் இவ்வொழுங்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. தம் ஆள்களுள் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தனர் என்பதைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் ‘தலைக்காசு’ வழங்கும் முறை இருந்தது. ஒருவர் வராது போனால் அவர் கூலியோடு கங்காணியின் வருவாயும் குறையும். லயத்து வாசலில் விடியற்காலையில் எழுந்த அதட்டலுக்குக் கங்காணியின் குணம் மட்டுமே காரணமன்று. அவருக்குப் பணம் வழங்கப்பட்ட முறையும் காரணமாகும்.

பால்மரமும் கொழுந்தும்

ரப்பர்த் தோட்டத்தின் நேரத்தை மரமே வகுத்தது எனலாம். இரவில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் விடியற்காலையில் வெட்டினால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற வடிதல் குறையும். இதனால் பால்மரம் வெட்டுவோர் இருளிலேயே எழ நேர்ந்தது. மழை பெய்தால் வெட்டு நின்றது. ரப்பர்த் தோட்டத் தமிழரிடையே தங்கி ஆய்வு செய்து 1970-இல் நூல் வெளியிட்ட ஆர்.கே. ஜெயின் போன்றோரின் எழுத்துகள் இவ்வாழ்வை நமக்கு அறிமுகப்படுத்தியுள்ளன.

தேயிலையின் நிலை வேறு. கொழுந்து பறிப்பவருக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்று கண்டு கிள்ளுவதற்கு இருள் உதவாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் காலைப் பனிமூட்டமும் சாரலும் இயல்பானவை. எனவே செடியை மட்டும் கருதினால் பொழுது நன்கு புலர்ந்த பின்னர்த் தொடங்குவதில் இழப்பில்லை.

ஆயினும் தேயிலைக்குப் பின்னால் ஆலை நிற்கிறது. பறித்த கொழுந்து கூடையில் நெடுநேரம் அழுந்திக் கிடந்தால் சூடேறிக் கெடும். அது நிறுக்கப்பட்டு, ஆலையில் பரப்பப்பட்டு, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரையில் வாட்டப்பட்ட பின்னரே உருட்டலுக்குச் செல்லும். இன்று மாலைக்குள் எவ்வளவு கொழுந்து வந்தது என்பதைப் பொறுத்தே நாளைய ஆலைவேலை அமையும். ஆகவே தேயிலைத் தோட்டத்தில் நேர நெருக்கடி விடியலில் மட்டுமன்றி, நாள் முழுவதும் நிறுவை நேரங்களின் வடிவில் தொடர்ந்தது. ரப்பர்த் தொழிலாளி மரத்தின் நேரத்திற்கு எழுந்தார். தேயிலைத் தொழிலாளி ஆலையின் நேரத்திற்கு எழுந்தார் என்று இவ்வேறுபாட்டைச் சுருக்கிக் கூறலாம்.

தொழில்முதலாளித்துவத்தின் தோற்றத்தில் நேர ஒழுக்கம் புகுத்தப்பட்டதைப் பற்றி 1967-இல் ஈ.பி. தாம்சன் எழுதிய கட்டுரை, வேலையின் இயல்பைப் பின்பற்றும் நேரத்தையும் கடிகாரத்தால் அளக்கப்படும் நேரத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. முன்னதிலிருந்து பின்னதற்கு இங்கிலாந்து நகர்ந்ததை அவர் விளக்கினார். தேயிலைத் தோட்டத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நிலவின. நாள் தொடங்குவது பெரட்டு மணியால். கூடுதல் வருவாய் தீர்மானிக்கப்படுவது கொழுந்தின் எடையால். எடைக்குக் கூலி பெறுபவர் பிந்தி வந்தால் இழப்பு அவருக்கே உரியது. அவ்வாறிருந்தும் பெரட்டு ஒழுங்கு தளர்த்தப்படாமைக்கு ஆலைத் தேவையோடு, ஆள்களை ஒருசேரக் கண்காணிக்கும் தேவையும் காரணமாயிற்று.

மாறிய மணியும் மாறாத பொழுதும்

வேலைநேர வரலாற்றை எழுதுவோர் பெரிதும் கவனிக்காத ஒரு செய்தி, மலாயாவின் அதிகாரமுறை நேரம் பலமுறை மாற்றப்பட்டது என்பதாகும். 1905-ஆம் ஆண்டு சூன் முதல் அது கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னதாக வைக்கப்பட்டது. 1933 சனவரி முதல் நாளன்று 20 நிமிடம் கூட்டப்பட்டது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூடி 7 மணி 30 நிமிடமாயிற்று. 1942 பிப்ரவரியில் சப்பானியர் ஆட்சி தோக்கியோ நேரத்தைத் திணித்தபோது அது 9 மணி நேரமாகியது. 1945-இல் பழைய 7 மணி 30 நிமிடம் மீண்டது. 1982 சனவரி முதல் நாளன்று தீபகற்பத்தின் நேரம் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டு 8 மணி நேரமாயிற்று.

கேமரன் மலை ஏறத்தாழ 101.4 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. அதன் இயற்கை நேரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 6 மணி 46 நிமிடம் முன்னதாகும். இதைக்கொண்டு கணக்கிட்டால், கதிரவன் தோன்றும் சராசரி நேரம் 1905-க்குப் பின் காலை 6.11 மணியை ஒட்டியும், 1933-க்குப் பின் 6.31 மணியை ஒட்டியும், போருக்குப் பின் 6.41 மணியை ஒட்டியும், 1982-க்குப் பின் 7.11 மணியை ஒட்டியும் அமைகிறது. சப்பானியர் காலத்தில் அது 8.11 மணியாகும். பருவத்திற்கேற்ப இதில் கால் மணி நேரம் வரையில் ஏற்றத்தாழ்வு உண்டு.

இக்கணக்கு உணர்த்துவது யாது? காலை ஆறு மணிப் பெரட்டு என்று ஒன்றை எடுத்துக்கொண்டால், 1930-இல் அது விடிவெள்ளி மங்கிக் கிழக்கு வெளுக்கும் வேளை. 1950-இல் அதே ஆறு மணி, கதிரவன் தோன்றுவதற்கு நாற்பது நிமிடம் முந்திய இருள். 1982-க்குப் பின்னரோ அது எழுபது நிமிடம் முந்திய இருள். மணியின் எண் மாறாமல் நின்றால் உழைப்பாளரின் உறக்கம் குறைகிறது. உறக்கம் குறையாதிருக்க வேண்டுமெனில் எண்ணை மாற்ற வேண்டும். ‘அந்தக் காலத்தில் நாங்கள் இத்தனை மணிக்கு எழுந்தோம்’ என்று முதியோர் கூறும் செய்தியைப் பதிவு செய்வோர் எந்த ஆண்டு என்று கேட்டறிந்தாலொழிய அச்சான்றின் பொருள் தெளிவாகாது.

1933-ஆம் ஆண்டு மாற்றத்தின் நோக்கமும் எண்ணத்தக்கது. அலுவலகப் பணியாளர்க்கு மாலையில் விளையாட்டிற்கும் பொழுதுபோக்கிற்கும் வெளிச்சம் கிடைக்கவேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும். போ தோட்டம் தோன்றி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த அவ்வேளையில், நகரத்தாரின் மாலைப் பொழுதிற்காக மலைத் தோட்டத்தின் காலைப் பொழுதும் கணக்கில் நகர்த்தப்பட்டது. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்திலோ இன்னொரு நேரம் வந்து சேர்ந்தது. ஊரடங்கும் வேலியும் உள்ள இடங்களில், தடை விலகி வாயில் திறந்த பின்னரே வேலைக்குப் புறப்பட முடிந்தது. நேரத்தை வகுத்த அதிகாரங்கள் மாறின. வகுக்கும் இடத்தில் உழைப்பாளர் ஒருபோதும் இல்லை.

எவருடைய தாமதம் கணக்கில் வந்தது?

நேரந்தவறாமை ஓர் ஒழுக்கம் எனில் அது இருபாலாரையும் கட்டுப்படுத்த வேண்டும். தோட்டத்தில் தொழிலாளியின் தாமதத்தைப் பதிவதற்குச் செக்ரோல் இருந்தது. நிறுவைக்குக் காத்திருந்த நேரத்தையும், கொழுந்தேற்ற வரும் லாரிக்காக மழையில் நின்ற நேரத்தையும், வேலை முடிந்தும் விடைபெறாத நேரத்தையும் பதிவதற்கு ஏடு இல்லை. பெண்களின் நிலை இதனினும் கடினமானது. பெரட்டுக்கு முன்னரே உலைவைத்து, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வருபவருக்கு வேலைநாள் பெரட்டு மணிக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்நேரம் எந்தக் கணக்கிலும் சேர்ந்ததில்லை.

இந்த ஒருபக்கக் கணக்கிற்கு எதிராக எழுந்த குரலும் உண்டு. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிக்க வேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயத்தை நீக்கவேண்டும் என்ற கோரிக்கையும் அதே பட்டியலில் இடம்பெற்றது. நேரமும் தன்மானமும் ஒரே முறையீட்டின் இரு கூறுகளாக அவர்களுக்குத் தோன்றியமை குறிப்பிடத்தக்கதாகும். அப்போராட்டம் ஒடுக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின.

பின்னர் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என எல்லை வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி வேலைவாங்கக் கூடாது என்றும் விதித்தது. வார எல்லை 2023 சனவரி முதல் 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டுள்ளது. இச்சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஊதியக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் வழங்கப்பட்டாக வேண்டும் என்பதே அது. நேரந்தவறாமை முதலாளிக்கும் உரிய கடமை என்பதை எழுத்தில் நிறுத்திய விதி என்ற வகையில் இதற்குத் தனி மதிப்புண்டு.

சோம்பல் என்னும் பழி

சையத் உசேன் அலாத்தாஸ் 1977-இல் வெளியிட்ட நூலில், காலனித்துவ ஆட்சியாளர் மலாய்க்காரரைச் சோம்பேறிகள் என்று வருணித்ததன் பின்னணியை ஆராய்ந்தார். மலாய்க்காரர் தம் வயலிலும் கடலிலும் கடுமையாக உழைத்தனர். தோட்டத்தின் கூலிவேலை ஒழுங்கிற்கு உட்பட மறுத்தமையாலேயே அவர்களுக்கு அப்பெயர் வந்தது என்பது அவர் வாதத்தின் சாரமாகும். அவ்வொழுங்கிற்கு உட்பட்ட தமிழர் அடக்கமானவர் எனப் பாராட்டப்பட்டனர். அப்பாராட்டும் அப்பழியும் ஒரே அளவுகோலில் பிறந்தவை. தோட்டத்துக்குப் பயன்படும் நேரமே நேரம் என்பது அவ்வளவுகோலாகும்.

தமிழ் மரபு நேரத்தை நுட்பமாக அளந்த மரபு என்பதைத் தமிழாசிரியர் அறிவர். சிறுபொழுது, பெரும்பொழுது என்னும் பகுப்பும், நாளை அறுபது நாழிகையாகக் கண்ட முறையும், முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கடிகையின் துணையால் நேரம் கணித்து அரசனுக்கு அறிவிப்போரும், ‘காலமறிதல்’ என்னும் குறள் அதிகாரமும் இதற்குச் சான்றாவன. இவற்றைக் கொண்டு தோட்டத் தொழிலாளி கடிகார ஒழுங்கைப் பண்பாட்டு வழியாகவே ஏற்றார் என்று கூறுவது பொருந்தாது. குறளின் காலமறிதல் செயலாற்றுவோர் தாமே தேர்ந்துகொள்ளும் காலத்தைப் பற்றியது. பெரட்டு நேரமோ தேர்வுக்கு இடமில்லாதது. ஆகவே பழியைப் போலவே பெருமிதத்தையும் எச்சரிக்கையோடு கையாளவேண்டியுள்ளது.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நாள்தோறும் பிறர் மணிக்கு எழுந்த சமூகத்திற்குக் கோயில் திருவிழாவும் திருமணமும் மட்டுமே தன் விருப்பப்படி தொடங்கக்கூடிய நிகழ்ச்சிகளாக இருந்தன. அங்கு உறவினர் வந்து சேர்வதே தொடக்கம். கடிகார முள் அன்று. இன்றைய கூட்டங்களின் காலதாமதத்தை இது நியாயப்படுத்தாது. ஆயினும் அதன் வேர் சோம்பலில் இல்லை என்பதை உணர்த்த இது உதவக்கூடும்.

இன்றைய நிலை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் தோற்றம் இன்று பெரிதும் மாறியுள்ளது. கைவிரலால் கிள்ளிய இடத்தில் கத்தரியும், இருவர் தாங்கிச் செல்லும் அறுவடை இயந்திரமும் வந்துள்ளன. தமிழ்க் குடும்பங்களின் இளைய தலைமுறையினர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரே வெளிவேலையில் பெரும்பங்கினராக உள்ளனர். விடியற்காலையில் வரிசையில் நிற்பவர் மாறினாலும், வேலை எப்போது தொடங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அவர்களுக்குள்ள பங்கு எவ்வளவு என்னும் வினா மாறவில்லை. ஒரு காலத்தில் தமிழர் மீது சுமத்தப்பட்ட சொற்களை இன்று தமிழரே அயல்நாட்டுத் தொழிலாளர் மீது சுமத்தும்போது, நம் வரலாற்றை நாமே மறந்தவராகிறோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலைதொடங்கும் நேரம் செடியின் இயல்பாலன்றி ஆலையின் தேவையாலும் கண்காணிப்பின் தேவையாலும் வகுக்கப்பட்டது என்பதும், அதிகாரமுறை நேர மாற்றங்கள் உழைப்பாளரின் விடியலைப் பலமுறை இடம்பெயர்த்தன என்பதும், நேரந்தவறாமை நெடுங்காலம் ஒருபக்கக் கடமையாகவே நிலவியது என்பதும் புலனாகின்றன. நேரத்தைப் பற்றிய ஒரு சமூகத்தின் மனப்பான்மையை மதிப்பிடுவதற்கு முன்னர், அச்சமூகத்தின் கடிகாரம் யார் கையில் இருந்தது என்று கேட்பது ஆய்வு நேர்மையாகும்.

பெரட்டு, செக்ரோல், தலைக்காசு, ஆயாக் கொட்டகை முதலிய சொற்களோடு வாழ்ந்த தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் தம் மாணவரைக்கொண்டு வீட்டு முதியோரிடம் ‘எதன் ஒலி கேட்டு எழுந்தீர்கள், அப்போது வெளியே வெளிச்சம் இருந்ததா, அது எந்த ஆண்டு’ என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதச் செய்தால், செக்ரோலில் இடம்பெறாத ஒரு வரலாறு நமக்குக் கிட்டும். காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணி இதுவாகும்.